பேச்சா, அட்டையா, கேப்டனா? ஆட்டக்காரர் எதிர்ப்பை நடுவர் கையாளும் மூன்று வழிகள்

தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரர் குரல் உயர்த்தும்போது நடுவருக்கு மூன்று வழிகள்: பேசுவது, அட்டை எடுப்பது, கேப்டனிடம் மட்டும் சொல்வது. எது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதுதான் இங்கே கேள்வி.

பேச்சு தவறு நடக்கும் முன்பே வேலை செய்யும்; மற்ற இரண்டுக்கும் இல்லாத பலம் இது. ரக்பி நடுவர்கள் ஆட்டம் ஓடும்போதே “கையை எடு”, “விடு” என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்; பல தவறுகள் அந்தக் குரலிலேயே நின்றுவிடும். கால்பந்தில் கார்னர் உதைக்கும் முன் இருவர் இழுத்துக்கொண்டிருந்தால் உதையை நிறுத்தி, இருவரையும் அழைத்துச் சொல்லிவிடலாம். பந்து ஆட்டத்துக்கு வரும் முன் நடக்கும் இழுப்புக்குப் பெனால்டி கொடுக்க முடியாது. ஆகவே பேச அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

பேசும்போது ஆட்டக்காரரைக் கூட்டத்திலிருந்து தள்ளி அழையுங்கள். நேருக்கு நேர் மார்பை நிமிர்த்தி நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் விட்டு நில்லுங்கள். விரல் நீட்டாதீர்கள், தொடாதீர்கள். “பந்தைத் தொடவில்லை, காலைத் தட்டினீர்கள். மறுபடி வேண்டாம்.” அவ்வளவு போதும். கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். “அது ஃபவுலே இல்லை” என்பது கேள்வி அல்ல, அதற்கு வாதாட வேண்டியதில்லை. ஓர் அணியினரிடம் “வாங்க”, மற்ற அணியினரிடம் “வா” என்று பேசினால், உங்கள் ஒவ்வொரு தீர்ப்பையும் இரண்டாம் அணி அந்த ஒரு சொல்லை வைத்தே அளக்கும்.

பேச்சு தோற்பது பெரும்பாலும் திரும்பத் திரும்ப எச்சரிப்பதால்தான். ஒரே ஆளுக்கு மூன்றாவது முறை “இதுதான் கடைசி” என்று சொல்லும் நடுவரை அதன்பின் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அட்டையின் பலம் மொழி தேவையில்லாதது. 1966 உலகக் கோப்பைக் கால் இறுதியில் ஜெர்மானிய நடுவர் வெளியேற்றிய அர்ஜென்டினா கேப்டன் ராட்டின் களத்தை விட்டு நகர மறுத்தார். இருவருக்கும் பொது மொழி இல்லை. இதுபோன்ற குழப்பங்களின் விளைவாகத்தான் 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. கொதிப்பில் இருக்கும் ஆட்டக்காரருக்கு அட்டையை முதலில் காட்டிவிட்டுப் பிறகு எண்ணைக் குறியுங்கள். அமைதியாக நிற்பவர் என்றால் முதலில் குறித்துக்கொள்ளலாம். அவரை நோக்கி ஓடவும் வேண்டாம், முகத்துக்கு நேரே நீட்டவும் வேண்டாம்.

அட்டையின் குறை அதன் அளவில். கால்பந்தின் மஞ்சள் அட்டை வாங்கியவர் அடுத்த நிமிடமும் ஆடுகிறார், கோபத்தோடு. ஹாக்கியில் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்; அணிக்கு அப்போதே வலிக்கிறது, ஆளும் தணிகிறார். எதிர்ப்புக்கு மட்டுமாவது இந்த முறை மேலானது என்பது எங்கள் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்திலும் 2019-20 முதல் எதிர்ப்புக்கு 10 நிமிட வெளியேற்றம் உண்டு.

கேப்டன் வழி கூட்டத்தை உடைப்பதற்கு. கைப்பந்தில் நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை ஆட்டத்தில் இருக்கும் கேப்டனுக்கே என்பது பழைய விதி. கால்பந்தில் 2024 யூரோ கோப்பையில் இதே அணுகுமுறை கடைப்பிடிக்கப்பட்டது. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் வேறொருவரை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். அது யார் என்று டாஸ் போடும்போதே கேட்டு வைக்காவிட்டால், சர்ச்சை வெடிக்கும்போது கேப்டன் எதிர்முனையில் நிற்பார். கிரிக்கெட்டின் 42ஆம் விதியும் கேப்டன் வழியாகவே நடக்கிறது: தீர்ப்பை எதிர்த்தால் முதல் முறை கேப்டனுக்கு எச்சரிக்கை, மறுபடி அதே கடுமை நிலையில் உள்ள தவறு நடந்தால் எதிரணிக்கு 5 ரன். அடுத்த தவறை வேறொரு வீரர் செய்தாலும் கணக்கு அணியுடையது. அதனால் கேப்டனே தன் ஆட்களை அடக்குவார்.

இந்த வழியில் நடுவருக்கும் கடமை உண்டு. மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, வந்த கேப்டனுக்கும் முதுகைக் காட்டினால் அடுத்த முறை மொத்த அணியும் வரும். ஒரு வரி விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆக, முணுமுணுப்புக்குப் பேச்சு, கூட்டமாகச் சூழ்ந்தால் கேப்டன். தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வருபவருக்கும் கெட்ட வார்த்தை சொல்பவருக்கும் பேச்சே வேண்டாம். விதி சொல்லும் தண்டனையை உடனே கொடுங்கள். அந்த ஆள் கேப்டனாக இருந்தாலும் அதேதான்.