‘ஓட ஓட செட் ஆயிடும்’ என்றால் வண்டியை எடுக்காதீர்கள்

வேலூர் பக்கம் பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது 2006 மாடல். வாடகைப் பாத்திரக் கடைக்கு அண்டா, குண்டான் ஏற்ற வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பமும் அதில்தான்.

போன மாதம் பிரேக் பெடல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. சிக்னலில் காலை அழுத்தி வைத்திருந்தால், பச்சை விழுவதற்குள் தரையைத் தொட்டுவிடும். பிரேக் ஆயில் அளவு குறையவில்லை, வெளியே ஒரு சொட்டும் இல்லை. பைபாஸ் ஓரத்து ஷெட் ஒன்றில் காட்டினேன். “மாஸ்டர் சிலிண்டர் போச்சு தம்பி. புதுசு போடணும். பின்னாடி ரெண்டு வீல் சிலிண்டரும் மாத்திடலாம்” என்றார். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அந்த அழுத்தத்தில் பிரேக்கைப் பிடிக்க வைப்பது சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர். நோயைச் சரியாகத்தான் சொன்னார். மருந்தில்தான் கைவைத்தார்.

சாயங்காலம் துண்டுச் சீட்டில் 6,800 ரூபாய். பெடல் முன்பைவிடத் தேவலை, ஆனால் பஞ்சை மிதிப்பது போல இருந்தது. கேட்டதற்குத்தான் “ஓட ஓட செட் ஆயிடும்” என்றார். நம்பினேன். புது பிரேக் ஷூ போட்டால் அதன் லைனிங் (உரசும் பட்டை) சக்கர டிரம்மில் படியக் கொஞ்சம் ஓட வேண்டும், உண்மைதான். ஆனால் குழாயில் மாட்டிய காற்று ஓடினால் போகாது; சக்கரத்துப் பக்கம் இருக்கும் நிப்பிளை (காற்றை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து எடுத்தால்தான் போகும்.

அடுத்த ஞாயிறு ஏலகிரி. ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? இறங்கும்போது, 14 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பெடல் சத்தமில்லாமல் தரைக்குப் போனது. படபடவென்று நாலு மிதி மிதித்ததில் லேசாகப் பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுக்கினேன். அம்மா “முருகா, முருகா” என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிக பயம். குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றினேன். அதற்குத் தனிச் செலவு.

காட்பாடியில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தார். வெளியே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பழைய துரு அப்படியே. உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்: அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், அதன்மேல் உப்புத்தாள் தேய்த்த கோடுகள். “இன்னா சார் இது, வெறும் ரப்பர் செட்ட மாத்திட்டு புதுசுன்னு குடுத்துகீறான்.” அந்தக் குழிகள் புது ரப்பரின் உதட்டையும் அறுத்திருந்தன. அழுத்தினால் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் ரப்பரைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிவிடும். வெளியே சொட்டாததன் காரணம் இதுதான்.

ஆயிலையும் அவர்கள் மாற்றவில்லை. டிகாஷன் நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பக்கம் இறங்கிவிடும். மலை இறங்கும் சூட்டில் அது ஆவியானால் பெடலுக்கு எதிர்ப்பே இருக்காது. வீல் சிலிண்டரில் டஸ்ட் கவரைத் தூக்கினால் உள்ளே ஆயில் கசிவு, ஷூவெல்லாம் ஊறிப்போயிருந்தது.

ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். “பழைய வண்டிக்குப் புதுசு எதுக்கு தம்பி?” என்று 1,500 ரூபாயை நீட்டினார். பில் இல்லாததால் மேலே பேச முடியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.

பாய் வேலை செய்தபோது புது சிலிண்டரின் அட்டைப்பெட்டியை என் எதிரில் பிரித்தார், பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி நாலிலும் காற்று எடுத்தார். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பெடல் அசையவில்லை. “இன்னும் ஓட ஓட செட் ஆவணுமா சார்?” என்று சிரித்துக்கொண்டே கை துடைக்கப் போனார்.