ஃப்ளாப்பி ட்ரைவைக் கழற்றிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ரங்கூனில் பழைய எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளாப்பி ட்ரைவ் கோளாறு என்றால் அதைக் கழற்றிக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. ஒன்றரை லட்சம் கியாட், ஒரு டிஸ்க் நிறைய டிசைன், நல்ல ட்ரைவ் ஒன்று, மூன்றும் போச்சு.

எங்கள் மெஷின் ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்தது. டிசைனை 720 கேபி டிஸ்க்கில் கொடுத்தால்தான் வாங்கும். இன்னுமா ஃப்ளாப்பி என்று சிரிப்பார்கள். ஊசியும் மோட்டாரும் நன்றாக ஓடும்போது ஒரு ட்ரைவுக்காக மெஷினை எடைக்குப் போட முடியுமா? கோயில் திருவிழாத் தொண்டர்களுக்கு 60 சட்டையில் சூலம் போடும் ஆர்டர் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து டிஸ்க் எர்ரர். கரண்ட் இருக்கும் சில மணி நேரத்தில்தான் வேலை, அதிலும் இது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஒருவர் வந்தார். பேச்செல்லாம் தேன். டிஸ்க் போடும் வாய்க்குள் ஸ்ப்ரே எண்ணெயை அடித்தார். எனக்கு அப்போது தெரியாது, அங்கேயே அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டில் எண்ணெய் படவே கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் டிஸ்க் போட வேண்டும். மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் நிற்கிறது. விரலால் தூக்கினால் வளைந்துவிடும். டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு டிசைன் பதிவாகும் வட்டத் தடம் 80, ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் எவ்வளவு வளைவு தாங்கும்?

மறுநாள் டிஸ்க் சுத்தமாகப் படிக்கவில்லை. "மோட்டார் போயிருச்சுண்ணே, கடைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்கணும்" என்று கழற்றிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து ஒரு பையன் வந்து மாட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். முன்பக்க லைட் எரிந்துகொண்டே இருந்தது. வேலை செய்கிறது போல என்று சந்தோஷப்பட்டு ஒரிஜினல் டிசைன் டிஸ்க்கைப் போட்டேன். அப்போது போன டிஸ்க்தான்.

பக்கத்துத் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. உள்ளே வந்ததும் அந்த லைட்டைத்தான் பார்த்தார். "தம்பி, கேபிளைத் திருப்பி மாட்டியிருக்கான்டா" என்றார். 34 பின் ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு போட்ட ஓரம் ட்ரைவின் 1ஆம் பின் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் கிரவுண்ட் எல்லாம் சிக்னல் பின்களில் போய் உட்காரும். மோட்டார் சுற்றும், லைட் அணையாது, 'எழுது' என்ற சிக்னலும் சேர்ந்து போகும். ஹெட் நிற்கிற தடம் அழிந்துபோகும். டிஸ்க் மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைத்திருந்தால் எழுத்து ஏறியிருக்காது. மூடித்தான் வைத்திருந்தேன். அதனால் ரிப்பேராகி வந்த ட்ரைவில் முதலில் உதவாத டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சரி, கேபிளைக் கழற்றிச் சரியான பக்கமாக மாட்டினோம். இப்போது லைட் எரியவே இல்லை. பெரியவர் ட்ரைவை எடுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது உன் ட்ரைவே இல்லையே" என்றார். எங்கள் ட்ரைவில் ஓரமாக ஒரு வரிசை ஜம்பர் பின்கள், ட்ரைவின் எண்ணை மாற்றி அமைக்கும் சின்னப் பின்கள், இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். இதில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரில் வரும் சாதாரண 1.44 எம்பி ட்ரைவ். கம்ப்யூட்டர் ட்ரைவ் தன்னை 1ஆம் எண் என்று சொல்லும், நடுவில் முறுக்கு இல்லாத நேர் கேபிள் போட்ட எங்கள் மெஷின் 0ஐக் கூப்பிடும். கூப்பிட்டால் எப்படிப் பதில் வரும்? அதோடு எங்கள் மெஷினுக்கு 34ஆம் பின்னில் 'தயார்' என்ற சிக்னல் வேண்டும். கம்ப்யூட்டர் ட்ரைவ் அதே பின்னில் 'டிஸ்க் மாறிவிட்டது' என்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே மூன்றரை அங்குலம், நிமிடத்துக்கு அதே 300 சுற்று.

ட்ரைவைக் கொண்டுபோன ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணே, உங்க ட்ரைவ்தான் அது, பார்ட்ஸ் மாத்தினதுல அப்படித் தெரியுது" என்றார். மோட்டார் மாற்றினால் ஜம்பர் எங்கே போகும் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பெரியவர் தன் பரணிலிருந்து ஜம்பர் உள்ள பழைய ட்ரைவ் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். சூலத்தை மறுபடி வரையவைத்து 60 சட்டையையும் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி முடித்தோம்.

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். கண்ணாடி அலமாரியில் ஜம்பர் வரிசையோடு ஒரு ட்ரைவ், 'மெஷினுக்கு ஏற்றது' என்று விலை ஒட்டி வைத்திருக்கிறார்கள். என்னுடையது மாதிரியே இருந்தது. சீரியல் நம்பர் எழுதி வைக்காதவன் என்ன சொல்லிக் கேட்பது? கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டேன்.