லடாக் சாலைப் பயணம்: ஸ்ரீநகர் வழியே ஏறுவதா, மணாலி வழியே ஏறுவதா?

லே நகரைச் சாலை வழியாக அடைய விரும்புவோர்க்கு இரண்டு பெருவழிகள் உள்ளன. ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய், கார்கில் வழியாக ஏறத்தாழ 420 கி.மீ. செல்லும் தேசிய நெடுஞ்சாலை 1 ஒன்று. மணாலியிலிருந்து கேலாங், சர்ச்சு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 3 மற்றொன்று. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் போன வழியே திரும்பாமல் முழுச் சுற்றாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். எதில் ஏறுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. குடும்பத்துடன் காரில் சென்ற நாங்கள் ஸ்ரீநகர் வழியே ஏறி, மணாலி வழியே இறங்கினோம். இன்னொரு முறை வாய்த்தாலும் அந்த வரிசையையே தேர்ந்தெடுப்பேன். ஜன்ஸ்கார் பகுதியில் ஷிங்கு லா கணவாயைக் கடக்கும் மூன்றாவது சாலையில் நான் சென்றதில்லை என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

தொலைவு, செலவு, தங்கும் வசதி ஆகியவற்றில் இரு வழிகளுக்கும் இடையே முடிவை மாற்றும் அளவுக்கு வேறுபாடு இல்லை. இரண்டுமே பனிக்காலத்தில் மூடப்பட்டுக் கோடையில் திறக்கப்படுபவை. பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால், எவ்வழியில் சென்றாலும் போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை. இயற்கைக் காட்சிகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் நான் மணாலி வழிக்கே முதலிடம் தருவேன். காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளும், 4,700 மீட்டர் உயரத்தில் 40 கி.மீ. நீளத்துக்குச் சமதளமாக விரியும் மோரே சமவெளியும் ஸ்ரீநகர் வழியில் கிடைக்காதவை. அப்படியிருந்தும் ஏறுவதற்கு அந்த வழியை நான் தேர்ந்தெடுக்காததற்கு ஒரே காரணம், இரவில் உறங்கும் உயரம்.

மலைப்பயணத்தில் பகலில் எவ்வளவு உயரத்தைக் கடந்தோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே உடலுக்கு முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பதே மலை மருத்துவத்தில் பொதுவாகத் தரப்படும் அறிவுரை. இந்த அளவுகோலை இரு வழிகளின் மீதும் வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அடுத்த இரவு தங்கும் கார்கில் சுமார் 2,700 மீட்டர். அதற்கடுத்த இரவு லே, சுமார் 3,500 மீட்டர். கார்கிலிலிருந்து லே 800 மீட்டர் ஏற்றம்தான் என்றாலும் அதில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதி 500 மட்டுமே. இடையில் குறுக்கிடும் கணவாய்களில் மிக உயர்ந்ததான ஃபோட்டு லா 4,108 மீட்டர். அதன் உச்சியில் நிற்பது சில நிமிடங்கள்தான், பிறகு சாலை லாமாயூருவை நோக்கி இறங்கிவிடும்.

மணாலி வழியில் கணக்கு வேறு மாதிரி அமைகிறது. மணாலி சுமார் 2,050 மீட்டர், முதல் இரவு தங்கும் ஜிஸ்பா 3,200 மீட்டர், இதுவரை தவறில்லை. அடுத்த இரவு பெரும்பாலானோர் தங்கும் சர்ச்சு ஏறத்தாழ 4,300 மீட்டர். ஒரே இரவில் உறங்கும் உயரம் 1,100 மீட்டர் கூடுகிறது. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் அங்கே கிடைக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் மலைநோய், கவனிக்காமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் நிலைக்குப் போகக்கூடியது. அதற்கு உறுதியான முதல் சிகிச்சை உடனே உயரம் இறங்குவதுதான்.

அங்கேதான் சர்ச்சுவின் அமைப்பு என்னை அச்சுறுத்தியது. அது இரண்டு பெரும் கணவாய்களுக்கு நடுவே கிடக்கிறது. தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா லாவை ஏறிக் கடந்துதான் கேலாங் பக்கம் இறங்க முடியும். வடக்கே போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா நிற்கிறது, அதையடுத்துப் பயணிகள் தங்கும் பாங் என்னும் இடம் சர்ச்சுவைவிட உயரமானது, அதற்கும் அப்பால் 5,328 மீட்டர் தங்லங் லா. நோயுற்றவரை இறக்குவதற்காக முதலில் இன்னும் மேலே ஏற்ற வேண்டிய இடம் அது. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கோ முதியவருக்கோ மூச்சு வாங்கத் தொடங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. ஸ்ரீநகர் வழியில் அப்படியொரு பொறி கிடையாது. கார்கிலில் மருத்துவமனை இருக்கிறது, வழிநெடுக ஊர்களும் இருக்கின்றன.

ஸ்ரீநகர் வழியே ஏறுவதை மருத்துவக் காரணத்துக்காகச் சகித்துக்கொள்ளும் வழி என்று எண்ணிவிட வேண்டாம். சிந்த் பள்ளத்தாக்கின் ஊசியிலைக் காடுகளுக்கிடையே சோனாமார்க் வரை சென்று, சோஜிலாவைக் கடந்ததும் மரங்களே இல்லாத பழுப்பு உலகம் தொடங்குவதைக் கண்முன்னே பார்க்கலாம்; மழைமேகங்களை இமயத்தின் பெருந்தொடர் தடுத்துவிடுவதன் விளைவு அது. திராஸில் தோலோலிங் மலையடியில் 1999ஆம் ஆண்டுப் போரின் நினைவிடம், முல்பெக்கில் பாறையில் செதுக்கிய மைத்ரேயர், லாமாயூருவைச் சுற்றி மஞ்சள் களிமண் மடிப்புகள், நிம்மு அருகே வெவ்வேறு நிறத்தில் வந்து கலக்கும் சிந்து நதியும் ஜன்ஸ்கார் ஆறும் என்று, நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக வருகின்றன. நேரம் இருப்பவர்கள் ஆல்ச்சி மடத்தின் பழஞ்சுவர் ஓவியங்களைத் தவறவிடக் கூடாது.

இந்த வழியின் குறையையும் சொல்லியாக வேண்டும். சோஜிலா 3,500 மீட்டர் உயரமே உள்ளது என்றாலும் ஓட்டுநரின் பொறுமையைச் சோதிப்பது. சாலை குறுகலானது, ஒரு பக்கம் பெரும் பள்ளம், மழை பெய்தால் சேறு, எதிரெதிர்த் திசை வண்டிகளை நேரம் பிரித்து அனுப்பும் கட்டுப்பாடும் உண்டு. 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட 6.5 கி.மீ. சுரங்கப்பாதையால் சோனாமார்க் வரையிலான பயணம் எளிதாகியிருக்கிறது. ஆனால் சோஜிலா அதற்கும் அப்பால் இருக்கிறது. காஷ்மீரின் பாதுகாப்பு நிலவரத்தைப் புறப்படும் முன் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

மணாலி வழியே இறங்கும்போது அதே சர்ச்சு வேறொரு இடமாகிவிடுகிறது. லே, நூப்ரா, பாங்கோங் என்று சில நாட்கள் உயரத்திலேயே கழித்த உடல் அந்த இரவைத் தாங்கிக்கொள்கிறது. மோரே சமவெளியில் வண்டியை நிறுத்திக் காற்றுவாங்கும் தெம்பும் இருக்கிறது. ஆனாலும் லே நகரிலிருந்து ஒரே நாளில் ஜிஸ்பா வந்துவிட முயல வேண்டாம். பகல் வெயிலில் பனி உருகுவதால் பாராலாச்சாவை ஒட்டிய ஓடைகள் பிற்பகலில் பெருகிச் சாலையின் மேலேயே ஓடும். சர்ச்சுவில் தங்கிக் காலையில் கடப்பதே நல்லது. செப்டம்பர் பிற்பாதியில் அங்குள்ள கூடார விடுதிகள் பிரிக்கப்பட்டுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எரிபொருளை லே நகரிலோ, வழியிலுள்ள காரு என்னும் ஊரிலோ முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். மறுமுனையில் தாண்டி என்னும் சிற்றூரிலுள்ள பெட்ரோல் நிலையம், ஏறிச் செல்வோரை அடுத்த நிலையம் 365 கி.மீ. தொலைவில் என்று எச்சரிப்பது இந்தச் சாலையின் தன்மையை உணர்த்தும். கீழே வந்தபின், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. அடல் சுரங்கப்பாதை ரோதங் கணவாயை ஏறும் வேலையை மிச்சப்படுத்துகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் மணாலிக்குக் கீழே குல்லு பள்ளத்தாக்கில் நிலச்சரிவு அச்சம் இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் அந்த நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அரித்துச் சென்றது.

இருசக்கர வண்டியில் செல்வோர் பலர் மணாலி வழியே ஏறுவதையே விரும்புகிறார்கள். நான் காரில் மட்டுமே சென்றவன் என்பதால் அவர்களுடைய அனுபவத்தை மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. விடுமுறைக் கணக்காலோ வேறு காரணத்தாலோ மணாலி வழியே ஏறித்தான் ஆக வேண்டும் என்போர், ஜிஸ்பாவில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டு, சர்ச்சுவிலும் பாங்கிலும் படுக்காமல் லே வரை சென்றுவிடுவது மேல். 300 கி.மீ.க்கும் அதிகமான கடினமான ஓட்டம் அது. மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம். மலைநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.