கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

போன வருடம் அமெரிக்காவின் யோசெமிட்டி காட்டுக்குள் நானும் அத்தானும் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போனோம், அதற்காகத்தான் இந்த டப்பாவை வாங்கினேன். கோலாலம்பூரில் ஒரு கேம்பிங் சாமான் கடையில் சொல்லிவைத்து, மூன்று வாரம் காத்திருந்து, 480 ரிங்கிட் கொடுத்தேன். நீல நிறப் பாலிகார்பனேட், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும், 11.5 லிட்டர் கொள்ளும். வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். செந்தூலில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "காலி டப்பாவே இவ்வளவு கனமா இருக்கே, இதையா முதுகில சுமந்துக்கிட்டு மலை ஏறப் போற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டாம் நாள் ஏற்றத்தில் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அங்கே இதில்லாமல் முடியாது. யோசெமிட்டியில் சாலையை விட்டு உள்காட்டில் இரவு தங்குகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட கரடி டப்பா வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மூட்டையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிடும் பழைய முறைக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் அங்குள்ள கருங்கரடிகள் அதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன, கிளையில் ஏறும், கயிற்றைக் கடிக்கும். கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே வாங்கலாமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். அந்தப் பூங்காவில் அதை வைத்திருக்கவே தடை, விமானத்திலும் ஏற்ற விடமாட்டார்கள், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

உறுதியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வகை டப்பாக்களை மொன்டானா மாநிலத்தில் ஒரு காப்பகத்தில் வளரும் கிரிஸ்லி கரடிகளிடம், உள்ளே சாப்பாட்டை வைத்து, கொடுத்துப் பார்க்கிறார்கள். கரடி கடித்து, உருட்டி, மேலே ஏறிக் குதித்து, மொத்தம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் திறக்கவில்லை என்றால்தான் தேறும். எங்கள் டப்பாவுக்கும் ஒரு தேர்வு நடந்தது. இரண்டாம் இரவு கூடாரத்திலிருந்து எழுபது எண்பது அடி தள்ளி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் அது அந்த இடத்தில் இல்லை. இருபது அடி தள்ளி ஒரு புதரில் கவிழ்ந்து கிடந்தது, மூடி ஓரமெல்லாம் எச்சில் காய்ந்து பசைபோல் ஆகி அதில் பைன் ஊசி இலைகள் ஒட்டியிருந்தன, பக்கவாட்டில் நான்கு கீறல், நகத்தால் தடவினால்தான் தெரிகிற ஆழம். உள்ளே மனைவி வறுத்துக் கொடுத்த நெத்திலி சம்பல் அப்படியே இருந்தது. இத்தனைக்கும் இரவில் ஒரு சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம். டப்பாவைப் பார்த்து நிம்மதியாகக் கூடாரத்துக்குத் திரும்பி, அத்தான் தன் தூக்கப்பையை மடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு தைல பாட்டிலும் பற்பசையும் விழுந்தன. "மாமா, இது சாப்பாடு இல்லையேன்னு நினைச்சேன்" என்றார். (எங்கள் வீட்டில் அத்தானும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார், பழகிவிட்டது.) கரடிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வாசனை அடிக்கிற எதுவும் அதற்குச் சாப்பாடுதான்: பற்பசை, சோப்பு, தைலம், சன்ஸ்கிரீன், குப்பைப்பை, சம்பல் துடைத்த டிஷ்யூ. டப்பாவில் சாப்பாட்டைப் பூட்டிவிட்டுத் தலைமாட்டில் தைலத்தை வைத்துக்கொண்டு தூங்கினால் 480 ரிங்கிட் தண்டம். அன்றைக்குக் கரடி கூடாரத்துக்கு வராமல் புதரோடு போய்விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, இது வாசனையை அடைக்காது. மூடி காற்றுப் புகாத மூடி இல்லை. கரடி வரும், மோந்து பார்க்கும், முயன்று பார்க்கும், கிடைக்காமல் போய்விடும், அவ்வளவுதான் இதன் வேலை. அந்த வெறுங்கை முக்கியம். மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும், பயம் விட்டுப்போகும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். நம் ஒரு பாக்கெட் மெகிக்காக ஒரு கரடி சாகக்கூடாது.

எனக்கு டப்பாவை விற்ற பையன், கைப்பிடி இல்லாததால் கயிறு சுற்றி மரத்தில் கட்டிவிடுங்கள் அங்கிள் என்று சொல்லி அனுப்பினார். தயவுசெய்து செய்யாதீர்கள். கயிறு இருந்தால் கரடி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விடும். வழவழப்பாக, பிடிமானமே இல்லாமல் இருப்பதுதான் இதன் பலம். ஆற்றங்கரையிலும் சரிவிலும் வைக்கக்கூடாது, உருண்டு போய்விடும். சமைக்கும்போதுகூட எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும்.

குறை என்றால் மூடிதான். இரண்டு மேடுகளை அழுத்திக்கொண்டே திருக வேண்டும், குளிரில் விரல் மரத்துப்போனால் திறக்கவே வராது. பழைய டச் அண்ட் கோ கார்டு (டோல் கட்டும் பிளாஸ்டிக் அட்டை) ஒன்றை இடுக்கில் செருகித் திருகினால் வழுக்கிக்கொண்டு வரும், அதை இப்போது முதுகுப்பையிலேயே வைத்திருக்கிறேன். அப்புறம் இடம். இருவருக்கு மூன்று நாள் சாப்பாடு என்றால் மெகியை நொறுக்கி, மைலோவைப் பையில் கொட்டி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிப் போட்டால்தான் கொள்ளும்.

ஊர் திரும்பிய பிறகும் இது சும்மா இருக்கவில்லை. உலு லங்காட் ஆற்றோரம் போனபோது குரங்குகள் அரை மணி நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குடும்பத்தின் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போயின. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் பும்புனில் (விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் காட்டுக் குடிலில்) தங்கிய இரவு எலிகள் மற்றவர்களின் பைகளைக் குடைந்தபோது எங்களுடையது தப்பியது. எறும்பு மட்டும் உள்ளே போய்விட்டது, அதனால் நம் ஊர்க் காட்டுக்குப் போகும்போது டப்பாவுக்குள் ஒரு ஜிப் பை அவசியம்.

தாமான் நெகாராவில் சூரியக் கரடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. உலகத்திலேயே சிறிய கரடி இனம், அறுபது கிலோவைத் தாண்டுவது அபூர்வம், ஆனால் நகம் பயங்கரம். தேனுக்காகக் கிழித்த ஒரு மரத்தை வழிகாட்டி காட்டினார், பட்டையில் என் கை நுழையும் அளவுக்குப் பள்ளம். அதனிடம் ஆபத்து, நாம் எதிர்பாராமல் மிக அருகில் போய் நின்றுவிட்டால்தான். அதற்கு இந்த டப்பா உதவாது. பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பார்த்துவிட்டால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

வாங்கலாமா? அமெரிக்காவுக்கு ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் வேண்டாம், யோசெமிட்டியில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், நானும் அது தெரிந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். மாதம் ஒருமுறை காட்டில் தங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், மதியத்தில் உட்கார முக்காலியும் ஆகும். செந்தூல், கெப்போங் பக்கம் யாருக்காவது ஒரு வாரத்துக்குத் தேவைப்பட்டால் கேளுங்கள், என்னுடையதை இரவல் தருகிறேன். திருப்பித் தரும்போது சோப்புப் போட்டுக் கழுவித் தந்தால் போதும், சம்பல் வாசனையோடு மட்டும் வேண்டாம்.