கோச்சிங் எடுத்து 1 வருஷம் 4 மாசம் ஆச்சு, படம் வரையறவ அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், குழந்தைங்க புத்தகத்துக்குப் படம், அட்டை டிசைன், சீசன்ல கல்யாணப் பத்திரிகை, 9 வருஷமா இதான் பொழப்பு. நான் சொல்ற கோச்சிங் பரீட்சைக்குப் படிக்கிறது இல்ல, நம்ம வேலை, பயம், நேரம் இதையெல்லாம் ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசி சரி பண்ணிக்கிறது. "கோச்சிங்குக்குக் காசு கட்டுறியே, எதாவது பிரயோஜனம் இருக்கா"ன்னு கூட வேலை பாக்குறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் முழுசா எழுதிடுறேன்.

முதல்ல ஏமாந்ததைச் சொல்லிடுறேன். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட 12 செஷனுக்கு 18,000 ரூபா மொத்தமா கட்டிட்டேன். போனாலே "உங்களை நீங்க நம்புங்க"தான், என் படத்தை ஒருதடவை கூட திறந்து பாக்கல. நாலாவதோட நின்னுட்டேன், மீதிக் காசு வரவே இல்ல. யார்கிட்ட போனாலும் ஒவ்வொரு செஷனுக்கா காசு குடுங்க, தயவு செஞ்சு.

இப்ப பாண்டில ஒரு அக்காகிட்ட போறேன், அவங்களே பல வருஷம் அனிமேஷன்ல இருந்தவங்க. 15 நாளுக்கு ஒருதடவை, ஒரு மணி நேரம், 1,200 ரூபா. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம்னு பஸ்ல போறப்பவே இந்த 15 நாள்ல என்ன நடந்துச்சுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துப்பேன்.

முதல் நாளே ஒரு பழைய வேலையோட எல்லா ஃபைலையும் கேட்டாங்க. ஒரே அட்டைக்கு 9 வெர்ஷன் இருந்துச்சு. "இதுல பதிப்பகத்துல எதை எடுத்தாங்க?"ன்னாங்க. ரெண்டாவதை. "அப்ப அதுக்கு மேல ஏழும் யாருக்காகம்மா போட்ட?" எனக்கு வாயே வரல, அழுதுட்டேன். அந்த ஏழும் ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து போட்டது, பாப்பா என் சேர் பக்கத்துலயே பாய் போட்டுத் தூங்கிப் பழகியிருந்தா.

அதுவரைக்கும் எனக்கு ரெண்டு பிரச்சினைன்னு நெனச்சிருந்தேன், ஒண்ணு நம்ம வேலை மட்டமோங்கிற பயம், இன்னொண்ணு வீட்டுக்கு நேரம் பத்தல. ரெண்டும் ஒண்ணுதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நேரத்தைத் தின்னதே அந்தப் பயம்தான். 1978லயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் இதைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு அக்கா சொன்னாங்க, நல்லா சாதிச்ச பொம்பளைங்களே "நம்ம சாயம் வெளுத்துடும்"னு பயந்து பயந்து ஓவரா உழைக்கிறாங்க, வேலை ஜெயிச்சாலும் ராப்பகலா உழைச்சதாலதான் தப்பிச்சோம்னு நெனப்பு, அதனால அடுத்த வேலைலயும் அதே பயம் திரும்ப வருது. அப்படியே என் கதை.

அவங்க குடுத்த வேலை ரொம்ப சாதாரணம். ஒரு நோட்டு, ரெண்டு பத்தி, "பார்ட்டி கேட்டது", "நானா பண்ணது", ரெண்டுக்கும் எத்தனை மணி நேரம்னு. முதல் மாசம் நானா பண்ணது மட்டும் 24 மணி நேரம், போன மாசம் 7. மூணு வெர்ஷனுக்கு மேல போடணும்னா முதல்ல யார்கிட்டயாவது காட்டியே ஆகணும். எட்டு மணிக்கு லேப்டாப் பீரோவுக்குள்ள போயிடணும். பார்ட்டிங்களுக்கும் சொல்லிட்டேன், ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு, மத்தவங்க பழகிட்டாங்க. போன தை மாசம் அவசர பத்திரிகை வேலையெல்லாம் விட்டதுல வருமானம் நல்லாவே குறைஞ்சுது, அதையும் மறைக்கக் கூடாது.

காலைல அஞ்சு மணிக்கு எழுந்து மூணு பக்கம் எழுதுன்னதுதான் சுத்தமா நடக்கல, அந்த நேரத்துலதான் எங்க தெருவுல தண்ணி வரும், குடத்தை விட்டுட்டு நோட்டை எடுக்க முடியுமா.

மூணாவது மாசம் நாலஞ்சு வாரமா சரியா தூக்கமே இல்ல. "இது என் வேலை இல்லம்மா, டாக்டரைப் பாரு"ன்னு அக்காவே அனுப்பி வெச்சாங்க, அவங்க மேல முழு நம்பிக்கை வந்ததே அன்னிக்குத்தான். கோச்சிங் வைத்தியம் இல்லங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

பயம் போயிடுச்சான்னா, போகல. போன வாரம் ஒரு யானைப் படத்தோட மூணாவது வெர்ஷனை அனுப்பிட்டு பாப்பாவைக் கூட்டிக்கிட்டு சில்வர் பீச் போனேன், சுண்டல் வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கப்பவும் அந்த யானைக் காது பெருசா போச்சோன்னே மனசு அரிச்சுது. ஆனா வீட்டுக்கு வந்து பீரோவைத் திறக்கல. காலைல பாத்தா மெசேஜ், காது ஓகே, பின்னாடி இருக்க மஞ்சள் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லி. பத்து நிமிஷ வேலை, முதல் பத்தில எழுதிக்கிட்டேன்.