நெல்லையில் வௌவால் ஒலி கேட்க எந்தக் கருவி?

அந்தி சாயும்போது தாமிரபரணிக் கரையில் தலைக்கு மேல் வௌவால் வட்டமடிப்பதைப் பார்க்காத நெல்லைக்காரர் இருக்க மாட்டார். அதன் குரலைக் கேட்டவரைத் தேடினால்தான் கிடைக்க மாட்டார். பூச்சி தின்னும் வௌவால்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். நம் காது அதற்குள் நின்றுவிடும். ஆற்றங்கரை மருத மரங்களையா, நெல்வயலையா, பனங்காட்டையா, எதை அவை அதிகம் நாடுகின்றன என்று அறிய, அந்த ஒலியைப் பிடித்துத் தரும் டிடெக்டர் வேண்டும். கையில் பிடித்து நடப்பதா, மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவதா என்பதுதான் கேள்வி.

கையில் பிடிக்கும் ஹெட்டரோடைன் கருவி பழைய ரேடியோ மாதிரி. டயலைத் திருப்பி ஓர் அலைவரிசையில் வைத்தால் அதை ஒட்டி வரும் ஒலியை மட்டும் நாம் கேட்கும்படி மாற்றித் தரும். 'டக், டக்' என்று வந்துகொண்டே இருந்து, பூச்சியை நெருங்கும்போது வேகமெடுத்து 'டர்ர்' என்று முடியும். அது இரை பிடிக்கப் பாய்ந்த சத்தம். ஒரு வௌவால் அந்த இடத்தில் மேய்கிறதா, சும்மா கடந்து போகிறதா என்று நின்ற இடத்திலேயே புரிந்துவிடும். இந்தச் சுகம் வேறு கருவியில் இல்லை. ஆனால் டயல் 40 கிலோஹெர்ட்ஸில் இருக்கும்போது 130இல் கத்தும் வௌவால் மூக்குக்கு முன்னால் பறந்தாலும் தெரியாது. கோயில் மண்டபங்களில் அடையும் இலைமூக்கு வௌவால் ஒன்று 130ஐ ஒட்டித்தான் ஒலி எழுப்பும். மலிவான கருவிகள் பலவற்றின் டயல் அங்கேயே முடிந்துவிடும்.

மரத்தில் கட்டும் வகைக்கு ஆடியோமாத் என்ற ஒலிப்பதிவுக் கருவி நல்ல உதாரணம். உள்ளங்கையில் அடங்கும், மூன்று பென்டார்ச் பேட்டரி, ஒரு மெமரி கார்டு. ஒலியை நொடிக்கு 3,84,000 முறை மாதிரி எடுக்கும் என்பதால் அதில் பாதி, அதாவது 192 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்தமும் பதிவாகும். டயல் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜிபி போய்விடும். மாலை 6 முதல் காலை 6 வரை ஓடவிட்டால் 32 ஜிபி கார்டு போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். இடம் மிச்சம் பிடிக்க மாதிரி எண்ணிக்கையை 2,50,000 ஆக்கினால் 125க்கு மேல் எதுவும் பதிவாகாது, இலைமூக்கு வௌவால் காணாமல் போய்விடும். இந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

போனில் செருகும் மைக்கும் உண்டு. ஒலியைப் படமாகத் திரையில் காட்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போக அருமை. ராத்திரி முழுக்க உட்கார யாரால் முடியும்?

வாழிடம் பற்றிய கேள்விக்கு என் ஓட்டு ஆடியோமாத்துக்கு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. நேற்று ஆற்றங்கரை, இன்று வயல் என்று நடந்து கேட்டால், கேட்ட வித்தியாசம் இடத்தால் வந்ததா, காற்றாலும் நிலவாலும் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே இரவில் இரண்டு இடத்திலும் கட்டி, மறுநாள் கருவிகளை இடம் மாற்றிக் கட்டினால் மைக்கின் குறையும் கணக்கில் அடிபட்டுப் போகும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 30இல் கத்தும் கல்லறை வௌவால் தூரத்திலிருந்தே பதிவாகும். 130இன் ஒலி சில மீட்டரிலேயே காற்றில் கரைந்துவிடும். ஆகவே இனத்தோடு இனத்தை ஒப்பிடாமல், ஒரே இனத்தை இடத்துக்கு இடம் ஒப்பிடுங்கள். பத்துப் பதிவு என்றால் பத்து வௌவால் என்றும் இல்லை. ஒன்றே பத்து முறை வந்திருக்கலாம். பதிவை வைத்து வௌவாலின் பெயர் சொல்லும் மென்பொருள்கள் பலவும் ஐரோப்பிய, அமெரிக்க வௌவால்களை வைத்துப் பழக்கப்பட்டவை. நம்மூர் ஒலிக்கு அவை என்ன பெயர் சொன்னாலும் ஒரு தடவை ஒலியின் படத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மரத்தில் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால்களோ இந்தக் கருவிகள் எதிலும் சிக்காது. அவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. களக்காடு முண்டந்துறைக் காட்டின் அரிய சலீம் அலி பழந்தின்னி வௌவாலும் அப்படியே. அதை ஆராய வனத்துறை அனுமதியும் வலையும் வேண்டும். ஊர்ப் பழந்தின்னிகளுக்குச் செலவே இல்லை: பொழுது சாய்ந்ததும் மரத்தடியில் நின்று, கிளம்பிப் போவதை எண்ண வேண்டியதுதான்.