எச்சரிக்கை: பெயர் சொல்லாமல் விற்ற ‘டிடிபி பேக்கேஜ்’

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நாகர்கோவிலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்யும் கடை. அப்படிப்பட்ட கடைகள் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் திங்கள்சந்தையிலும் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவர்கள் நேர்மையாகத்தான் பிழைக்கிறார்கள். அதனால் விற்ற விதத்தை மட்டும் சொல்கிறேன். டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்காக இரண்டு தவணையாக 6,300 ரூபாய் கொடுத்தேன். முதலில் வாங்கியது திருட்டுப் பிரதி. இரண்டாவதாக வாங்கியது, வீட்டில் உட்கார்ந்தபடியே காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்.

திருமணத்துக்கு முன்பு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான். அந்தப் பெருமையில் எங்கள் அன்பியத்தின் எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. (தெரியாதவர்களுக்கு: பங்கில் உள்ள வீடுகளை 20, 30 குடும்பங்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் அன்பியம் என்பார்கள்.) மாதாந்தரத் துண்டறிக்கை, முப்பதாம் நாள் நினைவு அட்டை, பிள்ளைகளின் விடுமுறை விவிலிய வகுப்புக்குச் சான்றிதழ் என்று வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். வெளியே கொடுத்தால் வடிவமைப்புக்கு மட்டும் பக்கத்துக்கு 200 ரூபாய். இந்த வருடம் பங்குத் திருவிழா நோட்டீசையும் என்னையே செய்யச் சொன்னார்கள். பத்து நாள் நிகழ்ச்சி. எந்த நாள் எந்த அன்பியம் சிறப்பிக்கிறது, யார் மறையுரை, தேர்ப்பவனி எந்தத் தெரு வழி, அன்பின் விருந்துக்கு யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்று எல்லாம் அதில் வர வேண்டும். பெயர் விட்டுப்போனால் அடுத்த திருவிழா வரை பேச்சு கேட்க வேண்டும். கொடியேற்றத்துக்கு 18 நாள் இருந்தது.

வீட்டில் விண்டோஸ் உள்ள லேப்டாப் இருந்தது, மென்பொருள்தான் இல்லை. கடையில் போய், வீட்டிலேயே நாலு பக்கம், எட்டுப் பக்கம் வடிவமைக்க விலை குறைந்ததாக ஏதாவது வேண்டும் என்று கேட்டேன்.

“அக்கா, நம்மிடம் டிடிபி பேக்கேஜ் இருக்கிறது. ஆயுள் முழுக்க. தமிழ் எழுத்துரு 300 சேர்த்து 4,500. மாதா மாதம் சந்தா கட்ட வேண்டிய வம்பே இல்லை” என்றார் கடைக்காரர்.

அந்த மென்பொருளின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் தவறு அங்கே தொடங்கியது.

கடைப் பையன் லேப்டாப்பை வாங்கி, முதல் வேலையாக ஆன்டிவைரசை நிறுத்தினான். ஏன் தம்பி என்றேன். “இல்லையென்றால் உள்ளே விடாது அக்கா” என்றான். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வாசலில் காவலுக்கு நிற்பவரை அனுப்பிவிட்டுத்தான் ஆள் உள்ளே வருகிறான் என்றால், வருகிறவன் யார் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பணத்தைக் கடைக் கணக்குக்கு வாங்கவில்லை, ஒரு கைபேசி எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு ஒரு ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்து ‘சாஃப்ட்வேர் 1 – 4,500’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, பதிப்பு இல்லை, கடையின் முத்திரைகூட இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். பேஜ்மேக்கர் 7. இந்தப் பெயரைக் கேட்டால் டிடிபி சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்குப் பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருக்கும். 1985-இல் மெக்கின்டாஷுக்காக வந்த மென்பொருள் அது. அதை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனத்தை 1994-இல் அடோபி வாங்கியது. 7 தான் கடைசிப் பதிப்பு, வெளிவந்தது 2001-இல். அந்தக் காலத்துக்கு அது நல்ல மென்பொருள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இன்று கைபேசியும் கணினியும் தமிழைக் காட்டப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. பங்கு அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த நிகழ்ச்சி நிரலை நகலெடுத்து ஒட்டினால் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்தன. நன்கொடையாளர் பட்டியலும் அப்படியே. 112 பெயர். ஒவ்வொருவரின் பெயரும் ஏழெட்டுக் கேள்விக்குறி, பக்கத்தில் தொகை மட்டும் ஒழுங்காக நின்றது.

கடைக்குப் போன் செய்தேன். “அக்கா, அதோடு கொடுத்த எழுத்துருவில் நீங்களே அடிக்க வேண்டும்” என்றார்கள். சரி, டைப்ரைட்டிங் தெரிந்தவள்தானே என்று மூன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். பிடிஎஃப் ஆக்க வழி கிடைக்கவில்லை. அதற்குத் தேவையான துணை நிரலைப் பையன் நிறுவவே இல்லை. கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொண்டு கோட்டாறில் எங்கள் பங்குக்கு வழக்கமாக அச்சடித்துத் தரும் அச்சகத்துக்குப் போனேன்.

அண்ணாச்சி பென்டிரைவைச் செருகிய உடனே அவர் கணினி சிவப்பு எச்சரிக்கை காட்டியது. ஒன்றல்ல, ஐந்தாறு. அவர் ஒன்றும் பேசாமல் பென்டிரைவை உருவி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “மக்களே, இதை யார் போட்டுத் தந்தது?” என்றார். கோப்பை மட்டும் வேறு வழியில் சுத்தம் செய்து திறந்து பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. நான் அடித்த எழுத்துருக்கள் அவர் கணினியில் இல்லை. மூன்று இரவு அடித்த தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திரையில் நின்றது. பழைய எழுத்துருக்களின் சங்கதி இதுதான். அவை ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் ‘300 எழுத்துரு இலவசம்’ என்று ஆசை காட்டி இவற்றைத் தலையில் கட்டுகிறார்கள்.

திரும்பக் கடைக்குப் போனேன். எந்தக் கூச்சமும் இல்லாமல், “அதற்குத்தான் அக்கா லேட்டஸ்ட் தமிழ் மென்பொருள் வந்திருக்கிறது. வாட்ஸ்அப் தமிழ் அப்படியே ஒட்டும். உங்களுக்காக 1,800” என்றார் கடைக்காரர். திருவிழாவுக்கு 11 நாள். கொடுத்தேன். அரை மணி நேரத்தில் திரையில் ‘தமிழ் டிடிபி ப்ரோ’ என்று ஒரு புதிய ஐகான். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் 16 இலக்கச் ‘சாவி’. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் மறுபடி காசு என்றார்கள். அந்தச் சீட்டை விவிலியத்துக்குள் வைத்துப் பாதுகாத்தேன். அந்த எண்ணை எந்தப் பெட்டியும் எப்போதும் என்னிடம் கேட்கவே இல்லை.

இந்த முறை தமிழ் ஒட்டியது, எழுத்தும் உடையவில்லை. ஒரு படத்தைச் சட்டகத்துக்குள் எப்படி அடக்குவது என்று புரியாமல் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனை வீடியோ அழைப்பில் பிடித்து, கேமராவைத் திரைக்கு நேராகக் காட்டினேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை.

“சித்தி, மேலே ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள்.”

“ஸ்கிரைபஸ் 1.6.”

“அது இலவசம் சித்தி. யார் வேண்டுமானாலும் இறக்கலாம்.”

ஐகானின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே பெயர் அப்படியே இருக்கிறது, எனக்குத்தான் அந்தப் பெயரைத் தெரியாது. 2003 முதல் உலகம் முழுக்கப் பல தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் ஸ்கிரைபஸ். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அதைக் காசுக்கு விற்பது குற்றமில்லை. அதன் ஜிபிஎல் உரிமமே விற்பனையை அனுமதிக்கிறது. “இது இலவச மென்பொருள், நிறுவிச் சொல்லித் தர 500 ரூபாய் கூலி” என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன். உழைப்புக்குக் கூலி வாங்குவது வேறு. பெயரை மறைத்து, இல்லாத சாவியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, தொலைத்தால் மறுபடி காசு என்று பயமுறுத்துவது வேறு.

முதல் மென்பொருள் அதைவிட மோசம். அதைத் தெரிந்தே கணினியில் வைத்துப் பயன்படுத்தினால் பயன்படுத்துகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று அக்கா மகன் சொல்லித்தான் அறிந்தேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு: திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபநோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். விற்றவர் பில்லில் ‘சாஃப்ட்வேர் 1’ என்று மட்டும் ஏன் எழுதினார் என்று அப்போது புரிந்தது. லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்து விண்டோசைப் புதிதாக நிறுவ வேறோர் ஆளுக்கு 800 ரூபாய் தனியாகப் போயிற்று.

பிறகு நோட்டீசை ஸ்கிரைபஸிலேயே செய்து முடித்தேன், இந்த முறை அதன் சொந்தத் தளத்திலிருந்து நானே இறக்கி. ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய 1.4 வரிசை வேண்டாம், அதில் தமிழ் உடையும். 1.5 வரிசையில்தான் இந்திய மொழி எழுத்துகளை உடையாமல் சேர்த்துக் காட்டும் வசதி வந்தது. 1.6, 2024 ஜனவரியில் வெளியானது. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குக் கட்டமரன். இரண்டும் கூகுள் எழுத்துருக்களில் இலவசம். என்னைப்போல் டைப்ரைட்டர் விசைப்பலகை பழகியவர்கள் என்எச்எம் ரைட்டரை நிறுவினால் அதே பழக்கத்தில் யூனிகோடு அடிக்கலாம், அதற்கும் காசில்லை. முதலில் ‘கொடியேற்றம்’ என்று ஒரு சொல்லை ஒட்டிப் பார்ப்பேன். ‘கொ’வும் ‘யே’வும் கொம்பு இடம் மாறாமல் நின்றால்தான் மேலே போவேன்.

அச்சகத்து அண்ணாச்சி ஒரு மாலை முழுக்க உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். நான் 10 பக்கம் வைத்திருந்தேன். ஓர் ஏ4 தாளை மடித்தால் ஏ5 அளவில் நாலு பக்கம் என்பதால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 8 அல்லது 12. நன்கொடைப் பட்டியலை இரண்டு பத்தியாக ஒடுக்கி 8-க்குள் கொண்டுவந்தேன். அட்டையில் நிறம் தாளின் விளிம்பு வரை போவதானால், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். ஆலயத்தின் படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததாக இருக்கக்கூடாது, அச்சளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதித்துவிட்டால் அவர் கணினியில் அது இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இவ்வளவையும் இலவசமாகச் சொன்னவர் அவர். 6,300 வாங்கியவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துண்டறிக்கை, சான்றிதழ் மாதிரி ஒன்றிரண்டு பக்கத்துக்கு ஸ்கிரைபஸ்கூட வேண்டாம். லிப்ரேஆபிஸ் ரைட்டரே போதும், அதுவும் இலவசம். அச்சிடும் பெட்டியிலேயே கையேடாக மடித்து அச்சிடும் வசதி அதில் இருக்கிறது. 600, 700 ரூபாய்க்கு ‘பப்ளிஷரோடு சேர்த்து ஆயுள் முழுக்க’ என்று யாராவது விற்க வந்தால், பக்க வடிவமைப்பு மென்பொருளான பப்ளிஷருக்கான ஆதரவை 2026 அக்டோபரில் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் 2025 அக்டோபரிலிருந்து இலவசம். அதையும் எவராவது விலை சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள். இறக்கினால் தமிழில் ஒரு பத்தி ஒட்டிப் பார்த்துவிட்டு அதில் உழையுங்கள்.

பணத்துக்காகக் கடைக்குப் போனபோது, முதலில் கடைக்காரர் என்னைத் தெரியாததுபோல் பார்த்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, யுபிஐ ரசீது, ‘சாஃப்ட்வேர் 1’ பில், அந்தச் ‘சாவி’ச் சீட்டு மூன்றையும் படமெடுத்துக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டேன். நாலாம் நாள் 1,800 திரும்பி வந்தது. அதே கைபேசி எண்ணிலிருந்து, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். 4,500-ஐப் பற்றிக் கேட்டால், “நீங்கள் பயன்படுத்திவிட்டீர்களே அக்கா” என்கிறார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போனால் போதும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையானால் பில்லில் 33 என்று தொடங்கும், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 15 இட ஜிஎஸ்டி எண் இருக்கும். என் பில்லில் அதுவும் இல்லை என்பதை இரண்டாம் பத்தியில் சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி ‘பேக்கேஜ்’ வாங்கி, கையில் ரசீது வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்ளலாம்.